ஆபி தெருச் சுவரில் நான்கு துளைகள்

அட்மிரல் ஜொசையா ப்ளென்கார்ன், தான் இறந்து நூற்றறுபது ஆண்டுகள் ஆன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஆபி தெரு ஒன்பதாம் நம்பர் வீட்டின் மாடியிலிருந்து இறங்கி வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, முட்டை சரியாக வேகவில்லை என்றார். அது வீட்டுக்காரி ஐவி டக்வெல் தனக்காக வேகவைத்த முட்டை. அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இன்னொன்றைக் கொதிநீரில் போட்டாள். நீங்கள் யார் என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. முந்தின நாள்தான் ஆல்டர்ஸ்பரி மாண்புக் கழகத்தார் வந்து, 'அட்மிரல் ப்ளென்கார்ன் இங்கே வாழ்ந்தார்' என்று எழுதிய நீல வட்டப் பலகையை அவள் வீட்டுச் சுவரில் நான்கு திருகாணி போட்டு முடுக்கிவிட்டு, ஆளுக்கொரு துண்டு கேக்கும் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வாழ்ந்தார் என்றால் வாழ வருவார் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

மற்ற ஊர்களில் இப்படி நடப்பதில்லை. அங்கேயும் பெரிய மனிதர்கள் பிறந்த, வளர்ந்த, இருமிய வீடுகளில் எல்லாம் நீலப் பலகை தொங்குகிறது. பலகைக்குரியவர்கள் கல்லறையில் ஒழுங்காகப் படுத்திருக்கிறார்கள். ஆல்டர்ஸ்பரியில் மட்டும் திரும்பி வந்துவிடுகிறார்கள். ஏன் என்று யாரும் ஆராயவில்லை. வந்தவர்களையே கேட்டிருக்கலாம், ஆனால் செத்துப் பிழைத்த ஒருவரிடம் அதைப் பற்றிக் கேட்பது நாகரிகமா? பல் வைத்தியர் வீட்டு மாடியில் ரெவரெண்ட் தியோஃபிலஸ் க்ரம்ப் வந்து தங்கி, தான் எழுதிய தோத்திரப் பாடல்களை முதலிலிருந்து கடைசி வரை பாடிவந்தார்; பல் பிடுங்க வந்தவர்கள் மயக்க ஊசி ஒன்று அதிகமாகப் போடச் சொல்வார்கள். மடக்குக் குளியல் தொட்டியைக் கண்டுபிடித்து, அது திடீரென மடங்கியதால் உயிரை விட்ட ஆம்ப்ரோஸ் டில் என்பவர் ஈரத்தோடு திரும்பி வந்தார். அவர் பாதி சூப்பில் இருக்கும்போது சுவருக்கு வெள்ளையடிக்க வந்த ஆள் பலகையைக் கழற்றினான், டில் மறைந்துபோனார். சுண்ணாம்பு காய்ந்து பலகையை மறுபடி மாட்டியதும் அதே நாற்காலியில் தோன்றி, ஆறிப்போன மிச்ச சூப்பைக் குடித்தார். ஆறிவிட்டதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் இந்த ஊர்க்காரர்தானே.

இந்த ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீடு தீப்பிடித்தால்கூட, உள்ளே இருப்பவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்களோ என்று கதவை மெல்லத்தான் தட்டுவார்கள். மாண்புக் கழகத் தலைவர் டெஸ்மண்ட் ஃபேர்ப்ராஸ் பலகை மாட்டலாமா என்று கேட்டு வந்தபோது, ஐவிக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டாள். அவர் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

அட்மிரல் உட்கார்ந்தது லென்னின் நாற்காலியில். அதுதான் ஐவிக்குப் பொறுக்கவில்லை. லென் அவள் புருஷன். அட்மிரல் வருவதற்கு மூன்று வருடம் முன்னால் இறந்தவன். பதினாலாம் நம்பர் பஸ்ஸின் ஓட்டுநர். ஆல்டர்ஸ்பரியிலிருந்து ரயில் நிலையம் வரை போகும் அந்தப் பச்சை பஸ் ஒருநாளும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. ஏனென்றால் தெருவில் யாராவது கொஞ்சம் வேகமாக நடந்தால் போதும், பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடி வருகிறார்கள் என்று லென் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்துவிடுவான். நின்ற வண்டியில் ஏறாமல் போவது எப்படி? ஏறிக்கொள்வார்கள். தையல் டீச்சர் மிஸ் பிம் ஒரு வியாழக்கிழமை தபால் போடப் போனவள், லென் நிறுத்திவிட்டானே என்று ரயில் நிலையம் வரை போய்த் திரும்பினாள். அடுத்த வியாழனும் அவன் அதே இடத்தில் காத்திருந்தான். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அவளுக்கு வியாழக்கிழமை என்றால் ரயில் நிலையம்தான். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது.

லென் இறந்ததும் பஸ்ஸை நிறுத்திக் காத்திருந்தபோதுதான். அவரைக்காய் வயலில் யாரோ கை காட்டுவதைப் பார்த்து வண்டியை நிறுத்தினான். கை காட்டியது காக்காய் விரட்ட நட்டிருந்த வைக்கோல் பொம்மை. அது வரட்டும் என்று காத்திருந்தபடியே அவன் நெஞ்சு நின்றுவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் வெகுநேரம் பேசாமல் இருந்தார்கள். ஓட்டுநர் செத்துப்போயிருக்கலாம் என்று முதலில் சொல்கிற ஆளாக இருக்க யாருக்கும் மனமில்லை. கடைசியில் ஒருவர் இருமினார். பிறகு அந்த வழித்தடத்தையே நிறுத்திவிட்டார்கள், பஸ்ஸைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள்.

அட்மிரல் நல்ல மனிதர்தான், அதைச் சொல்ல வேண்டும். ஐவியின் பூனைக்குக் கயிற்று முடிச்சு போட்டு விளையாட்டுக் காட்டினார். பட்டாணி உரித்துக் கொடுத்தார். சாயங்காலங்களில் எதிரிக் கப்பல்களை உப்புப் புட்டியாகவும் மிளகுப் புட்டியாகவும் மேசையில் நிறுத்தி மூழ்கடித்தார். ஆனால் முட்டையைப் பற்றிய புகார் மட்டும் ஓயவில்லை. ஒருநாள் வேகவில்லை, மறுநாள் கல்லாகிவிட்டது. ஏழு வருடம் ஐவி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஏழு வருடமும் அந்த நாற்காலியில் வேறொரு முதுகைப் பார்த்தாள்.

பலகை மாட்டினால் அட்மிரல் வருகிறார் என்றால், லென் ஏன் வரக்கூடாது? இந்தக் கேள்வி அவளுக்கு முதல் வாரமே வந்தது. அதை வெளியே சொல்லத்தான் ஏழு வருடம் பிடித்தது. தொப்பி போட்டுக்கொண்டு மாண்புக் கழகத்துக்குப் போனாள். ஃபேர்ப்ராஸ் மரியாதையாக நாற்காலி போட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சொன்னது இரண்டு விஷயம். முதலாவது, பலகை என்பது பேர் பெற்றவர்களுக்கு. லென் டக்வெல் எதில் பேர் பெற்றவர்? ஐவி யோசித்து, நேரத்துக்கு வராததில் என்றாள். ஃபேர்ப்ராஸ் அதை எழுதிக்கொள்ளவில்லை. இரண்டாவது, அவள் வீடு அரசு பாதுகாப்பில் இருக்கும் பழைய கட்டடம். அதன் செங்கல்லில் புதிதாக ஒரு துளை போடுவதும் சட்டவிரோதம். பலகைக்கென்று அனுமதி வாங்கிப் போட்ட துளைகள் நான்குதான். அந்த நான்கிலும் அட்மிரல் இருக்கிறார்.

ஆக, லென் வர வேண்டுமானால் அட்மிரல் போக வேண்டும். ஐவி அன்று சாயங்காலம் பட்டாணி உரிக்கும்போது அட்மிரலின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் சமையல் மேலங்கியின் பையில் ஒரு திருப்புளியை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிவந்தாள். அட்மிரல் உப்புப் புட்டியை மூழ்கடிக்கும்போதெல்லாம் பைக்குள் அதைத் தொட்டுப் பார்த்தாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் அதை எடுத்துப் பெட்டியில் போடவில்லை.

ஏப்ரல் மாதம் ஒரு மதியம், அட்மிரல் சாப்பிட்டுவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஐவி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் அதன் மேல் ஏறினாள். முதல் திருகாணி வெளியே வந்ததும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அட்மிரலின் கோட்டில் நீலம் வெளுத்திருந்தது. இரண்டாவது வந்ததும் அவருக்குள்ளிருந்து நாற்காலித் துணியின் பூக்கள் தெரிந்தன. மூன்றாவது வந்ததும் செய்தித்தாள் அவர் விரல்களின் வழியே நழுவித் தரையில் விழுந்தது. ஐவியின் கை நின்றுவிட்டது. அட்மிரல் எழுந்து ஜன்னலருகே வந்தார்.

"அம்மணி, நாலாவதைக் கழட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. ரொம்ப வருஷமா சொல்லணும்னு இருந்தேன்."

"சொல்லுங்க ஐயா," என்றாள் ஐவி.

"இது என் வீடு இல்லை."

ஐவி ஸ்டூலின் மேலேயே உட்கார்ந்தாள்.

"என் வீடு எதிர்த்தாப்பல இருக்கே, அந்த மீன் வறுக்கற கடை, அதுதான். நடுவுல யாரோ தெரு நம்பரையெல்லாம் மாத்திட்டாங்க போலிருக்கு."

"வந்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமே ஐயா?"

"சொல்லத்தான் எறங்கி வந்தேன். வந்து பாத்தா நீங்க முட்டை வேகவெச்சு வெச்சிருக்கீங்க. அப்புறம் எந்த முகத்தோட சொல்றது? சரி, முட்டையைக் குத்தம் சொன்னா கோவிச்சுக்கிட்டு வெளிய போன்னு சொல்லிடுவீங்கன்னு பாத்தேன். நீங்க இன்னொண்ணு போட்டுட்டீங்க." அட்மிரல் பெருமூச்சு விட்டார். "ஏழு வருஷமா குத்தம் சொல்லிப் பாத்துட்டேன். நீங்க அசையவே இல்லை. நல்ல முட்டைங்க அம்மணி. ஒண்ணுகூட மோசமில்லை."

"நான் இங்க இருங்கன்னு சொல்லலையே."

"போங்கன்னும் சொல்லலையே?"

"நீங்கதான் உக்காந்துட்டீங்களே ஐயா. உக்காந்த மனுஷனை எப்படி எழுப்பறது?"

பிறகு அட்மிரல், சுவர் யாருக்கு வேண்டும் என்று கேட்டார். ஐவி லென்னைப் பற்றிச் சொன்னாள். பஸ், மிஸ் பிம், வைக்கோல் பொம்மை எல்லாம். அட்மிரல் மூன்று திருகாணி குறைந்த வெளிறிய முகத்தோடு முழுவதையும் கேட்டார். யாருக்காகவும் கப்பலை நிறுத்தாமல் போனதால்தான் தன் வாழ்நாளில் தான் எல்லாப் போரையும் ஜெயித்ததாகவும், அப்படிக் கடலில் விட்டுவந்த ஆட்களின் முகங்கள் இப்போதும் நினைவில் இருப்பதாகவும் சொன்னார். கழற்றுங்கள் என்றார்.

மீன் கடைக்காரர் கிப்ரோஸ் சைப்ரஸிலிருந்து வந்தவர். எது கேட்டாலும் உடனே சரி அல்லது முடியாது என்று சொல்லிவிடுவதால் ஊரில் அவரை முரடர் என்று நினைத்தார்கள். அவர் சரி என்றார். அந்தக் கடையின் முகப்பை முன்பே இடித்துக் கட்டியிருந்ததால் எத்தனை துளை வேண்டுமானாலும் போடலாம். ஐவி நாலாவது திருகாணியைக் கழற்றிப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள். நடுவில் ஒரு பீர் லாரி வந்து நின்றது. அது போகும் வரை அட்மிரல் எங்கேயும் இல்லை. அந்த நேரம் அவளுக்கு மிக நீளமாக இருந்தது. எதிர்ச் சுவரில் பலகை ஏறியதும் அட்மிரல் கடைக்குள் தோன்றினார். தன் சொந்த வீடு என்றாலும், கூட்டமாக இருந்ததால் வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

ஐவி தன் கல்யாணத் தட்டுகளில் பெரிய நீலத் தட்டை எடுத்தாள். இரும்புக் கடைக்காரர் அதில் நான்கு துளை போட்டுக் கொடுத்தார். வெள்ளைப் பெயின்டில் அவளே எழுதினாள்: 'லென் டக்வெல். பதினாலாம் நம்பர். இங்கே வாழ்ந்தார்.' அதைச் சுவரில் மாட்டிவிட்டு, நாற்காலியைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, காலையில் இரண்டு முட்டை வேகவைத்தாள். மாடியிலிருந்து யாரும் இறங்கி வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. அந்த வாரமும் அந்த மாதமும் வரவில்லை. தெருவில் எல்லாரும் அவளைப் பார்த்து வானிலையைப் பற்றிப் பேசினார்கள். அதற்கு அர்த்தம் ஐயோ பாவம் என்பது. அட்மிரல் தினமும் காலையில் தெருவைக் கடந்து வந்து இரண்டாவது முட்டையைச் சாப்பிட்டுவிட்டு, பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்கும்போது ஐவிக்கு இன்னும் அழுகை வந்தது. ஒருநாள் பாத்திரம் கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி நன்றாக அழுதாள். லென் பேர் பெற்றவன் இல்லை, அதனால் வர மாட்டான் என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்தது. கழகத்திலிருந்தும் சொல்லி அனுப்பினார்கள்: அறுவடைத் திருவிழாவுக்கு ஊர்வலம் வரும்போது ஆபி தெருவில் சாப்பாட்டுத் தட்டு தொங்குவது சரியில்லை, அதற்குள் எடுத்துவிட வேண்டும்.

அவள் எடுக்கவில்லை. திருவிழாவுக்கு முந்தின நாள் ஃபேர்ப்ராஸே ஓர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேலையாளை அனுப்பினால் அவளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று தானே வந்ததாகச் சொன்னார். உண்மையில் நல்ல மனிதர். தெருவில் பத்துப் பதினைந்து பேர் தற்செயலாக வந்ததுபோல் நின்றார்கள். அட்மிரல் மீன் கடை வாசலில் நின்றார். ஃபேர்ப்ராஸ் ஏணியில் ஏறித் திருப்புளியை எடுத்தார்.

"கொஞ்சம் மன்னிச்சுக்கணும் மிஸஸ் டக்வெல். பாருங்க, இத்தனை மாசம் ஆச்சு. வர்றவரா இருந்தா வந்திருப்பாரு."

ஐவி ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிறந்ததிலிருந்து சொல்லாத ஒரு வார்த்தை வாயில் வந்து நின்றது.

"முடியாது," என்றாள். "தட்டு அங்கேதான் இருக்கும். என் புருஷன் எப்பவுமே லேட்டு."

தெருவில் நின்றவர்கள் தலையைக் குனிந்து தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். ஃபேர்ப்ராஸ் திருப்புளியைத் திருகாணியில் வைத்தபடி, அதைத் திருப்பவும் முடியாமல், எடுக்கவும் முடியாமல் நின்றார். அப்போது சர்ச் மூலையில் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. நெஞ்சில் கோழை கட்டிய கிழவர் படியேறுவது போன்ற அந்தச் சத்தம் ஆல்டர்ஸ்பரியில் இருபது வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் தெரியும். பழைய இரும்புக்குப் போன பச்சை பஸ் மூலை திரும்பி, ஆபி தெருவுக்குள் மெதுவாக வந்து, ஒன்பதாம் நம்பர் வாசலில் நின்றது. லென் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். சீருடையில் ஒரு பொத்தான் இல்லை. அது அவன் இறந்தபோதும் இல்லாத பொத்தான்.

"ஏன் லென் இவ்வளவு லேட்டு?" என்றாள் ஐவி. அதைவிடப் பெரிதாகச் சொல்ல நினைத்திருந்தாள், வந்தது அதுதான்.

"ஏப்ரல்லயே கிளம்பிட்டேம்மா. கல்லறைத் தோட்டத்தைத் தாண்டறப்போ யாரோ ரெண்டு பேர் வேகமா வந்தாங்க. நின்னேன். அவங்க பின்னால இன்னும் கொஞ்சம் பேர். எல்லாரையும் விட்டுட்டு எப்படி வர்றது?"

பஸ் நிறைந்திருந்தது. பஸ்ஸின் மாடியிலும் நின்றுகொண்டு வந்திருந்தார்கள். ரொட்டிக் கடையில் இருந்த ஃப்ளோரி, பால்காரர் காட்பி, தண்ணீர்ப் பஞ்சத்தில் இறந்த தோட்டக்காரர்கள், பேரே யாருக்கும் தெரியாத சலவைக்காரிகள் என்று ஊரில் எந்தச் சுவரிலும் இடம்பெறாதவர்கள் ஒவ்வொருவராக நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள். பலருக்குத் திரும்பி வரும் எண்ணமே இருக்கவில்லை. மிஸ் பிம் கல்லறையில் படுத்திருந்த இடத்தில் மிகவும் சௌகரியமாக இருந்ததாகப் பின்னால் ஒத்துக்கொண்டாள். ஆனால் அவர் நிறுத்திவிட்டாரே, என்ன செய்வது என்றாள். அன்று வியாழக்கிழமை வேறு. கூட்டத்தில் ஒரு குள்ளமான கிழவி ஏணிக்கு நேராகப் போய் அண்ணாந்து பார்த்தாள்.

"டெஸ்மண்ட், எறங்கு. இந்தக் காத்துல மஃப்ளர் இல்லாம மேல என்னடா பண்றே?"

ஃபேர்ப்ராஸ் இறங்கினார். அவர் அம்மா இறந்து முப்பது வருடம் ஆகியிருந்தது. கையிலிருந்த திருப்புளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் அதை அட்மிரலிடம் கொடுத்தார். அட்மிரல் அதைப் பத்திரமாகத் தன் பையில் வைத்துக்கொண்டார். இன்றுவரை யாருக்கும் திருப்பித் தரவில்லை.

ஊரில் ஆள் கூடிவிட்டதால் நகரசபை அடுத்த கூட்டத்தில் குப்பைத் தொட்டிகளின் எண்ணிக்கையை உயர்த்தியது. மாண்புக் கழகம் நீலத் தட்டைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. சுற்றுலாப் பயணிகள் அதைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். பதினாலாம் நம்பர் மறுபடி ஓடுகிறது. நிறுத்தத்தில் கால அட்டவணை ஒட்டியிருக்கிறார்கள், அழகாகத்தான் இருக்கிறது.

பஸ்ஸிலிருந்து கடைசியாக இறங்கியது அவரைக்காய் வயலில் நின்ற வைக்கோல் பொம்மை. லென் இத்தனை வருடம் கழித்தும் அதற்காக நிறுத்தியிருந்தான். அதற்குப் போக வேறு இடமில்லாததால் மறுநாள் காலையில் அது ஒன்பதாம் நம்பர் மாடியிலிருந்து இறங்கி வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தது. ஐவி இந்தத் தடவை ஏமாறவில்லை. இது உங்கள் வீடுதானா என்று நேராகக் கேட்டாள். லென் கூச்சத்தில் நெளிந்தான். பொம்மை நேர்மையாக இல்லையென்று தலையாட்டியது. அப்படியானால் போகிற வழிதான், லென் வயலில் இறக்கிவிடுவான் என்று ஐவி சொன்னாள். லென்னும் இறக்கிவிட்டான். தினமும் இறக்கிவிடுகிறான். ஆனால் சாயங்காலம் திரும்பும்போது அவனுக்கு அது கை காட்டுவதுபோல் தெரிகிறது, நிறுத்துகிறான். நின்ற பஸ்ஸில் ஏறாமலிருப்பது மரியாதை இல்லையே என்று அதுவும் ஏறிக்கொள்கிறது. ஐவி இப்போது காலையில் மூன்று முட்டை வேகவைக்கிறாள்.